என் பொறுப்புல இருந்த மெஷின்

பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிடுங்க, இந்த பஸ்ல காலை நீட்ட முடியலை. லேப்டாப் பையா? கம்ப்யூட்டர் வேலையா உங்களுக்கு? அப்படின்னா உங்களுக்குப் புரியும். எங்க வீட்டு ஆளுங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் புரியலை. உங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன். ஒரு மெஷினை ஒருத்தன் பொறுப்புல விட்டிருக்காங்க. பாஸ்வேர்டு அவன்கிட்ட. கெட்டுப்போனா கேள்வியும் அவனைத்தான். அந்த மெஷின்ல அவனுக்குத் தெரியாம இன்னொருத்தன் கை வைக்கலாமா? மச்சினனாவே இருக்கட்டும். வைக்கலாமா?

கூடாதுல்ல. அதைத்தான் நானும் சொல்றேன். நீங்க முன்னப்பின்ன தெரியாத ஆளு, உங்களுக்கு ஒரு நிமிசத்துல புரியுது. எம் பொண்டாட்டிக்குப் புரியலை.

எம் பேரு ஞானகுரு. சிவகாசியில ஒரு காலண்டர் பிரஸ்ல சிஸ்டம் பாக்குறேன். பிரஸ் பேரு வேண்டாம். தினசரி காலண்டர் போடுற பிரஸ். நாளுக்கு ஒரு தாள் கிழிக்கிறோமே, அதுல என்னென்ன இருக்கும்? தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம், கீழே கடைப் பேரு, போன் நம்பர். இதையெல்லாம் அதது இடத்துல கொண்டு உக்கார வைக்கிற புரோகிராம் இருக்கு பாருங்க, அது நான் எழுதினது. லினக்ஸ் மெஷின். நான் சேர்ந்த புதுசுல முதலாளி சந்திரமோகன், அவரை எல்லாரும் அண்ணாச்சிம்போம், அந்த மெஷினைக் காட்டி, "ஞானம், இது இனி உம் பொறுப்பு"ன்னார். அன்னையிலருந்து என் கைதான். வருசக்கணக்கா ஒரு எழுத்து பிசகினதில்லை. அதை எவன் பேசுறான்? ஓடுற வரைக்கும் ஒருத்தனும் பேசமாட்டான்.

திதியும் நட்சத்திரமும் மட்டும் நம்ம கையில இல்லை. ஒரு ஜோசியர் கணக்குப் போட்டு எழுதித் தருவார், அதை டைப் அடிப்போம். அதுல கண்ணு பிசகும், ஒண்ணு ரெண்டு தப்பு வரும், திருத்துவோம். அப்படித்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு.

எம் பொண்டாட்டி பேரு மாரீஸ்வரி. அவளுக்கு ஒரு தம்பி, சோலைராஜ். சங்கரன்கோவில்ல அப்பா வீட்டுல சும்மா உக்காந்திருந்தான். கணக்குல எம்.எஸ்ஸி. கணக்கு படிச்சவனுக்கு யாரு வேலை வச்சிருக்கா? இவ தினம் ஒரு தடவை, "நீங்க ஒரு வார்த்தை சொன்னா அண்ணாச்சி கேப்பாரு"ன்னு சோத்துல குழம்பை ஊத்துற மாதிரி ஊத்திக்கிட்டே இருந்தா. நான்தான் சொன்னேன். நான் சொல்லித்தான் சேர்ந்தான். அதை எழுதி வச்சுக்கிடுங்க. அவனை அந்த பிரஸ்ஸுக்குள்ள கூட்டிட்டுப் போனது நான்.

வந்தவன் என்ன செஞ்சான்? ஜோசியர் கிட்டப் போய் உக்காந்து அவரு கணக்குப் போடுற முறையைக் கேட்டுக்கிட்டு வந்து, அதைப் புரோகிராமா எழுதிட்டான். ஒரு வருசத்துத் திதி நட்சத்திரம் மொத்தமும் ஒரு டீ குடிக்கிற நேரத்துல வந்து விழுது. ஜோசியர் சரிபாத்துக் கையெழுத்துப் போட்டாப் போதும். டைப் அடிக்கிற வேலையே இல்லை. அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்லு. பிரஸ்ஸுக்கு யாரு வந்தாலும், "இது நம்ம சோலை எழுதினது"ன்னு கூட்டிட்டுப் போய்க் காட்டுறார். எங்க வச்சுக் காட்டுறார்? என் மெஷின்ல வச்சு. நான் பக்கத்து நாற்காலியிலதான் உக்காந்திருக்கேன். என்னை ஒருத்தருக்கும் காட்டலை. காட்டணும்னு நான் எதிர்பாக்கவும் இல்லை, அதை விடுங்க.

இனிதான் விசயம். லினக்ஸ்ல ஒரு புரோகிராம் தனியா வராது, தெரியும்ல? ஒரு பேக்கேஜை ஏத்துனா, கல்யாணத்துக்கு ஒருத்தரைக் கூப்பிட்டா அவரு சொந்தமெல்லாம் வேன் பிடிச்சு வர்ற மாதிரி, அதுக்குத் துணையா வேண்டிய புரோகிராமெல்லாம், லைப்ரரிம்போம், பின்னாலயே வரும். என் புரோகிராமும் ஒரு லைப்ரரியை நம்பி நிக்குது. அவன் புரோகிராமும் அதே லைப்ரரியைத்தான் நம்பி நிக்குது. தமிழ் எழுத்தைக் கோக்குறதும் அதுதான், தேதி நேரத்தைப் பாத்துக்கிடுறதும் அதுதான். எனக்கு அதுல பழைய வெர்ஷன் வேணும். அவனுக்குப் புது வெர்ஷன் வேணும். மெஷின் ஒண்ணு. அவனுக்கு முன்னாடி வந்தது நான். யாரு விட்டுக்குடுக்கணும்? நீங்களே சொல்லுங்க.

அவன் என்ன பண்ணிட்டான், ஒரு நாள் சாயங்காலம் நான் கிளம்பினப்புறம் புது வெர்ஷனை ஏத்திட்டான். பாஸ்வேர்டு எப்படிக் கிடைச்சுதுன்னு கேக்குறீங்களா? நான்தான் குடுத்திருந்தேன், ஒரு அவசரத்துக்கு. அதுக்காக?

மறுநாள் காலையில வந்து உக்காந்து தாள்களை ஓட்டுறேன். ஞாயிறு சரியா வருது. திங்கள் சரியா வருது. செவ்வாய் வந்துச்சு பாருங்க, அங்கதான் நாசம். கொம்பு எழுத்துக்கு முன்னாடி நிக்கணுமா இல்லையா? அது பின்னாடி போய் ஒரு புள்ளி வட்டத்துல தொங்குது. புதன் சரி, வியாழன் சரி. வெள்ளி மறுபடியும் நாசம். யோசிச்சுப் பாருங்க, ஏழு கிழமையில அந்த ஒத்தைக் கொம்பு வர்றது செவ்வாய்க்கும் வெள்ளிக்கும்தான். வருசம் பூரா செவ்வாயும் வெள்ளியும் காலி. வீட்டுல விளக்கேத்துற நாளு ரெண்டும் போச்சு. ஆடிப்பெருக்கு தாண்டியாச்சு, ஆர்டர் எல்லாம் வந்து குமியுது, சீசன் உச்சத்துல நிக்குது.

அன்னைக்குப் பூரா நான் சாப்பிடலை. என் புரோகிராமை வரி வரியாப் பாத்தேன். ஃபான்டை மாத்திப் பாத்தேன். பிரின்டர் டிரைவரைப் பாத்தேன். எதையும் தொடலையே, எப்படி உடைஞ்சதுன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டேன். கடைசியில என்னென்ன பேக்கேஜ் எப்ப ஏறியிருக்குன்னு எடுத்துப் பாத்தா, முந்தின நாள் சாயங்காலம் இந்த லைப்ரரி. அவன் எதிர்ல உக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டிருந்தான். கேட்டதுக்கு, "அய்யோ அத்தான், உங்களோடதும் அதைத்தான் பிடிச்சிருக்குன்னு எனக்குத் தெரியாது"ங்கிறான். தெரியாதாம். எம்.எஸ்ஸி.

சத்தம் போடுற ஆளு நான் இல்லை. பழைய வெர்ஷனைத் திரும்ப ஏத்தினேன். செவ்வாய் வந்துச்சு, வெள்ளி வந்துச்சு. அப்புறம் அந்த லைப்ரரியை ஹோல்டுல போட்டேன். ஹோல்டுன்னா, எவன் வந்து அப்டேட் கேட்டாலும் அது அசையாது, பூட்டுப் போட்ட மாதிரி. பாஸ்வேர்டையும் மாத்துனேன். செய்ய வேண்டியதுதானே அது? பொறுப்புல இருக்குறவன் செய்ய வேண்டியது.

அவன் புரோகிராமை ஓட்டப் போனா, லைப்ரரி பழசா இருக்கு, புதுசை ஏத்தவும் முடியலைன்னு மெஷின் சொல்லிருச்சு. பிடிச்சு வச்ச பேக்கேஜ் குறுக்கே நிக்குதுன்னு தெளிவா எழுதிக் காட்டும் அது. எங்கிட்ட வந்து நின்னான்.

"அத்தான், அந்த ஹோல்டை மட்டும் எடுத்துவிடுங்க. பழசுல ஒரு கோளாறு இருக்கு. விடியுற நேரத்தை ஒட்டி மாறுற திதியை அது முந்தின நாள்ல கொண்டுபோய் வச்சுருது."

"சீசன் முடியட்டும்"னேன்.

"சீசனுக்குத்தான் அத்தான் வேணும்."

இந்த வாய் இருக்கு பாருங்க. சரி, அதோட விட்டானா? உங்க புரோகிராம்ல ஒரு சின்ன திருத்தம் பண்ணினாப் புது லைப்ரரியிலயும் அது ஓடும், நானே உக்காந்து பண்ணித் தர்றேன்னான். எனக்கு. என் புரோகிராமை. அதை எழுதும்போது இவன் பள்ளிக்கூடத்துக்கு டவுசர் போட்டுப் போய்க்கிட்டிருந்தான். நான் ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டே இருந்தேன். அவன் போயிட்டான்.

வீட்டுக்குப் போனா அங்கயும் இதுதான். மாரீஸ்வரி தோசையை வச்சுட்டு, "தம்பி ஏதோ கேட்டானாமே"ங்கிறா. ஆபீஸ் விசயம் வீட்டுக்கு எப்படி வருது? நான் ஹோல்டைப் பத்தி இவளுக்கு விளக்குனேன். எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு, "ரெண்டு பேருக்கும் ரெண்டு வச்சுக்கிட முடியாதா?"ன்னு கேட்டா. பொம்பளை பேச்சு. இதென்ன டம்ளரா, ஆளுக்கொண்ணு வச்சுக்கிட?

என்ன சிரிக்கிறீங்க? வச்சுக்கிடலாம்கிறீங்களா? தெரியும் எனக்கு, வச்சுக்கிடலாம். அதைத்தான் அவனும் செஞ்சான். அவனோட சொந்த ஃபோல்டருக்குள்ள புது லைப்ரரியைத் தனியா இறக்கி வச்சுக்கிட்டு, அவன் புரோகிராமை மட்டும் அதைப் பாத்து ஓடுற மாதிரி செஞ்சுட்டான். அதுக்கு என் பாஸ்வேர்டு வேண்டாம். என் புரோகிராமுக்கும் ஒண்ணும் ஆகலை, செவ்வாயும் வெள்ளியும் அப்படியே நிக்குது. அதுவா கேள்வி? எங்கிட்ட சொல்லலை, அதுதான் கேள்வி. நான் முடியாதுன்னு சொன்ன ஒண்ணை என் முதுகுக்குப் பின்னாடி செஞ்சிருக்கான்.

ஆனா எனக்கு அப்பத் தெரியாது. ஹோல்டு போட்டும் எப்படி ஓடுதுன்னு மனசுக்குள்ள ஒரு இது இருந்துச்சு, கேக்கலை. கேட்டா இறங்கிப்போன மாதிரி ஆகும்ல? வருசத்துத் திதி பூரா வந்துச்சு. ஜோசியர் ஒவ்வொரு தாளாப் பாத்தார். ஒரு இடத்துல கூட சுழிக்கலை. அண்ணாச்சி ஜோசியர் முன்னாடியே அவன் தோள்ல தட்டினார்.

அதுக்கப்புறம் ஒரு நாள் மெஷின்ல இடம் எவ்வளவு இருக்குன்னு பாத்துக்கிட்டிருந்தேன். அது என் வழக்கம். அவன் ஃபோல்டருக்குள்ள பெருசா ஒண்ணு அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. தொறந்து பாத்தா இதுதான். அந்த லைப்ரரி. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைக்கிறீங்க? வாசல்ல பூட்டுப் போட்டுட்டுக் காவலுக்கு உக்காந்திருக்கேன், இவன் கொல்லைப்புறமாப் போயிட்டு வந்துக்கிட்டிருக்கான்.

எடுத்துட்டேன்.

அழிச்சேன்தான். எடுத்துட்டேன்னாலும் அழிச்சேன்னாலும் ஒண்ணுதான். அவன்கிட்டக் கேட்டேனாவா? நான் எதுக்குக் கேக்கணும்? மெஷின் யாரு பொறுப்பு? முதல்லயே அதைத்தான உங்ககிட்டச் சொல்லிட்டு ஆரம்பிச்சேன்.

நான் என்ன எதிர்பாத்தேன்னா, மறுநாள் அவன் புரோகிராம் ஓடாது, அலறும், எங்கிட்ட வந்து நிப்பான், அப்ப உக்கார வச்சு நாலு வார்த்தை புத்தி சொல்லணும். அவ்வளவுதான். வேற கெட்ட எண்ணம் எனக்குக் கிடையாது. ஆனா அவன் வரலை. வருசக் கணக்கெல்லாம் முன்னாடியே முடிஞ்சுபோச்சே, புரோகிராமுக்கு வேலை இல்லை. நானும் அதை மறந்துட்டேன்.

கோவில்பட்டியில ஒரு ஜவுளிக்கடை. பழைய கஸ்டமர், வேலாயுதம்னு பேரு, பெரிய மனுசன். அவருதான் கடைசி நேரத்துல தை மாசத் தாள்ல ஒரு மாத்தம் கேட்டார். பொங்கல் தள்ளுபடின்னு ஒரு வரி சேக்கணுமாம். தை மாசத்தை மட்டும் மறுபடி ஓட்டுனோம். சோலை அவன் பங்கை ஓட்டிக் குடுத்தான், நான் என் பங்கை ஓட்டுனேன். அவன் புரோகிராம் தன்னோட லைப்ரரியைத் தேடியிருக்கு. அது அங்க இல்லை. இல்லைன்னதும் சத்தம் போடணுமா இல்லையா? போடலை. பொத்துனாப்புல போய் என் பழைய லைப்ரரியைப் பிடிச்சுக்கிட்டு ஓடிருச்சு. முன்னாடி பழசைப் பாத்ததும் நின்னுபோச்சே, இப்ப ஏன் நிக்கலைன்னு கேக்குறீங்க, சரியான கேள்வி. தனியா இறக்கி வச்ச தெம்புல, வெர்ஷன் சரியான்னு பாக்குற அந்தச் சோதனையை அவனே எடுத்துவிட்டிருந்தான். அது யாரு தப்பு? அவன் தப்பு. அதை இன்னைக்கும் எந்தச் சபையிலயும் சொல்லுவேன். ஒரு வரி இருந்திருந்தா நின்னிருக்கும்.

ஜோசியர் ஏற்கனவே பாத்ததுதானேன்னு யாரும் மறுபடி அவர்கிட்டக் கொண்டுபோகலை. அச்சாச்சு, தச்சாச்சு, அட்டையில ஒட்டியாச்சு, கடைக்குப் போயாச்சு.

தை அமாவாசை. வேலாயுதத்துக்கு அப்பா தவறி அதுதான் முதல் வருசம். ஆளு குடும்பத்தோட ராமேஸ்வரம் போயிருக்கார், தர்ப்பணம் குடுக்க. அம்மா, தம்பிமாரு, பிள்ளைங்க, எல்லாரும். எதைப் பாத்துப் போனார்? தன் கடைப் பேரு போட்ட காலண்டரைப் பாத்துப் போனார். கடல்ல முங்கி எந்திரிச்சு ஈரத்துணியோட போய் உக்காந்தா, அங்க ஐயரு, "இன்னைக்குச் சதுர்த்தசி, நாளைக்குத்தான் அமாவாசை"ன்னுட்டார். கூட்டமும் இல்லையாம், அதை முதல்லயே கவனிச்சிருக்கணும். அவரு அம்மா அங்கயே அழுதிருக்கு, புருசனுக்குக் கடைசி வரைக்கும் ஒண்ணும் சரியா நடக்கலைன்னு. ஒரு நாள் இருந்து குடுத்துட்டுத்தான் வந்தாங்க. அதுக்கென்ன, ஒரு நாள் தானே.

ஆனா அவரு ஊருக்குப் போகாம நேரா பிரஸ்ஸுக்கு வந்துட்டார். மொட்டை அடிச்ச தலை, கையில அந்தக் காலண்டர். சத்தம் போடலை. சத்தம் போட்டிருந்தாலாவது தேவலை. அண்ணாச்சி மேஜையில அதை வச்சுட்டு, "என் கடைக்கு வர்றவங்க அத்தனை பேருக்கும் இதை நான் என் கையால குடுத்தேன் சந்திரமோகன்"னு சொல்லிட்டு, டீ கூடக் குடிக்காமப் போயிட்டார். அண்ணாச்சி முகத்தை அன்னைக்குப் பாக்கணும். அவங்க அப்பா காலத்து கஸ்டமர்.

சோலை ஓடி வந்து மெஷின்ல பாத்தான். நான் அப்ப என் நாற்காலியிலதான் இருந்தேன். அவன் ஃபோல்டருக்குள்ள போனான், தேடுனான். அப்புறம் என் பக்கம் திரும்பினான்.

"அத்தான், அந்த லைப்ரரியை நீங்க எடுத்தீங்களா?"

"மெஷினைச் சுத்தமா வச்சுக்கிடுறது என் வேலை"ன்னேன்.

உண்மையைத்தானே சொன்னேன்? பொய் சொல்லலையே. எனக்குப் பொய் வராது.

அண்ணாச்சி ரெண்டு பேரையும் ரூமுக்குக் கூப்பிட்டார். இது எப்படி ஆச்சுன்னு கேட்டார். சோலை என்னைப் பாத்துக்கிட்டு நின்னான். நான் ஏன் அவனைப் பாக்கணும்? சுவத்துல வரிசையா முருகன் படம், லட்சுமி படம், மாதிரிக்கு மாட்டி வச்சிருப்பாங்க, அதைப் பாத்துக்கிட்டு நின்னேன். வெளியில கட்டிங் மெஷின் ஓடுற சத்தம் கேக்குது. அப்புறம் அவனே, "எம் பக்கத்துத் தப்பு அண்ணாச்சி, நான் இன்னொரு தடவை சரிபாத்திருக்கணும்"னான்.

கேட்டுக்கிட்டீங்களா? அவன் வாயாலயே. குத்தமுள்ள மனசு, அதான் வேற பேச்சு வரலை. நியாயம் அவன் பக்கம் இருந்திருந்தா எதுத்துப் பேசியிருக்கமாட்டானா? எம்மேல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சொல்லலையே. ஏன் சொல்லலை? சொல்ல ஒண்ணும் இல்லை.

அக்காவுக்காகவா? நீங்க வேற. இவங்க ரெண்டு பேரையும் உங்களுக்குத் தெரியுமா? தெரியாதுல்ல. அப்புறம் பேசாம கேளுங்க.

அண்ணாச்சி அவனை நிறுத்திட்டார். எனக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு, சொந்தமாச்சே. ஆனா வேலைன்னா வேலை. அவன் போனப்புறம் மெஷின் எப்படி இருந்துச்சுங்கிறீங்க? ஒரு எரர் கிடையாது. ஒரு குறுக்கீடு கிடையாது. கண்ணாடி மாதிரி. மறுபடியும் ஜோசியர் கையால எழுதித் தந்தார், ஆளு வச்சு டைப் அடிச்சோம். தப்பு கொஞ்சம் வந்துச்சு. வராம இருக்குமா? மனுசன் அடிக்கிறது.

வீட்டுல இவ தம்பி வேலை போனதுக்கு அழுதா, சமாதானம் சொன்னேன். அடுத்த சீசனுக்கு அண்ணாச்சிகிட்டப் பேசிப் பாக்குறேன்னு கூடச் சொன்னேன். நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை, எங்கூடப் படிச்ச ஒருத்தன் போன்ல பிடிச்சான். மதுரையில இதே வேலை பாக்குறவன், அதனால இந்த ஹோல்டு விசயம், ஃபோல்டர் விசயம் எல்லாம் சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்தோம். "அதைத் தூக்கினேன் பாரு, ஆளு அடங்கிட்டான்"னு ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னேன். திரும்பிப் பாத்தா இவ நிக்கிறா. மடிச்சுக்கிட்டிருந்த துணி கையில இருக்கு.

"அதை நீங்கதான் எடுத்தீங்களா?"

"மெஷினைச் சுத்தமா வச்சுக்கிடுறது என் வேலை."

"நான் அதைக் கேக்கலை"ன்னா.

அப்புறம் என்ன கேட்டாங்கிறீங்க? அண்ணாச்சிகிட்டப் போய் நடந்ததை நடந்தபடி ஒரு வார்த்தை சொல்லணுமாம். நான் சொல்லணுமாம். சத்தமும் போடலை, அழவும் இல்லை, ஏதோ கடையில போய் உப்பு வாங்கிட்டு வரச் சொல்ற மாதிரிச் சொல்றா. நான் எல்லாத்தையும் முதல்லருந்து விளக்குனேன். புரோகிராம் சத்தம் போட்டிருக்கணும், சோதனையை எடுத்தது அவன் தப்பு, எனக்குத் தெரியாம இறக்கினது அவன் தப்பு, எல்லாம். கேட்டுக்கிட்டே துணியை மடிச்சு முடிச்சா. பிள்ளைக்குப் பெரிய லீவு விட்டதும் சங்கரன்கோவில் போயிட்டு வர்றேன்னு போனா. லீவு முடிஞ்சுது. பிள்ளையை அங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துட்டாங்களாம். நல்ல பள்ளிக்கூடம்னு சொன்னாங்க. இருக்கும்.

தீபாவளிக்கும் வரலை. மாமனார் போன் பண்ணி, "மாப்ளே, நீங்க இங்க வாங்க"ன்னார். நான் போகலை. நம்ம வீட்டுல விளக்கேத்தாம மாமனார் வீட்டுல போய் உக்காருறதா?

வெம்பக்கோட்டை வந்துருச்சா? இன்னும் திருவேங்கடம் தாண்டணும்.

இதுல பெரிய கூத்து ஒண்ணு இருக்கு. இந்த சீசனுக்கு அண்ணாச்சி என்ன பண்ணினார்னு நெனைக்கிறீங்க? டைப் அடிச்சதுல கஸ்டமர் ரெண்டு பேரு புகார் சொன்னதும், "சோலைகிட்டயே கணக்கை வாங்கிருவோம்"னுட்டார். அவன் இப்ப சங்கரன்கோவில்ல வீட்டுலயே உக்காந்து பல பிரஸ்ஸுக்குக் கணக்குப் போட்டுத் தர்றான். ஜோசியரும் அவன் கூடத்தான். ஜவுளிக்கடை வேலாயுதம் இருக்காரே, அவரு வீட்டுக்கே போய் இவன் மன்னிப்புக் கேட்டு, அவரு காலண்டரையும் இவன்தான் இப்பப் பாக்குறானாம். வெக்கமில்லாத பய.

வரட்டும், எப்படியும் என் பழைய லைப்ரரிக்கு அவன் புரோகிராம் ஒத்துக்கிடாது, அப்ப அண்ணாச்சியே புரிஞ்சுக்கிடட்டும்னு இருந்தேன். மெயில்ல வந்துச்சு. ஏத்துனேன். அப்படியே போய் உக்காந்துச்சு, ஒரு முனகல் இல்லை. எனக்கே ஆச்சரியம். பாத்தா, என் மெஷின்ல என்னென்ன வெர்ஷன் இருக்குன்னு ஞாபகம் வச்சுக்கிட்டு, அதுக்குத் தக்கன தனியாச் செஞ்சு அனுப்பியிருக்கான். கூட ஒரு வரி: "அத்தான், உங்க பக்கம் எதையும் மாத்த வேண்டியதில்லை." எவ்வளவு கொழுப்பு பாருங்க. நீ மாறவே மாட்டேங்கிறதைச் சுத்திவளைச்சு எழுதியிருக்கான்.

நல்லெண்ணமா? உங்க நல்லெண்ணத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க. நீங்க இந்தக் காலத்து ஆளு, உங்களுக்குத் தெரியாது. நல்லவன் மாதிரி நடந்துக்கிடுறதுதான் பெரிய பகை. அடிச்சாத் திருப்பி அடிக்கலாம். இதை என்ன செய்யுறது?

இன்னைக்கு எதுக்குப் போறேன்னு கேட்டீங்கல்ல? கேக்கலையா? சரி, சொல்றேன். போன வாரம் மாரீஸ்வரி போன் பண்ணினா. மாசக்கணக்குக்கப்புறம் அவளாக் கூப்பிட்டா. நல்லாயிருக்கீங்களா, சாப்பிடுறீங்களான்னு கேட்டா. அப்புறம், "தம்பி உங்ககிட்ட ஒண்ணும் கேக்கலை. அண்ணாச்சியும் கேக்கப்போறதில்லை. நான்தான் கேக்குறேன். எங்கிட்டயாவது ஒரு தடவை நெஜத்தைச் சொல்லுங்க, நான் வந்துருதேன்"னா. எங்கிட்டயாவதாம். இத்தனை நாள் விளக்குனது என்னவாம்?

அதான் கிளம்பிட்டேன். விளக்கிச் சொல்லித்தான் பிரயோஜனம் இல்லையே, இந்தத் தடவை கண்ணால காட்டிருவோம்னு.

கேரியர்ல இருக்குற அந்த மஞ்சப்பையை எடுத்துக் குடுங்க. வரக்கூடிய வருசத்துத் தாள்கள், மாதிரிக்கு அடிச்சது. முழுக்க அவன் கணக்கு. இது ஜோசியர் பஞ்சாங்கம். அண்ணாச்சிக்குத் தெரியாமத்தான் எடுத்துட்டு வந்திருக்கேன். தாள் தாளா ஒத்துப் பாத்துக்கிட்டு வர்றேன், பொங்கல்லருந்து. ஒரே ஒரு தப்பு போதும் எனக்கு. மாமனார், மாமியார், இவ, எல்லாரையும் கூடத்துல உக்கார வச்சு, அவனையும் கூப்பிட்டு, இந்தாருக்கு, இப்ப யாரு அழிச்சா, இப்ப எவன் ஃபோல்டரை எவன் எடுத்தான்னு கேப்பேன். அப்ப என்ன சொல்றான்னு பாக்கணும். அதுக்கப்புறம் அவ தாராளமா எங்கூடப் புறப்பட்டு வரலாம். நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கிடமாட்டேன்.

தை பாத்துட்டேன். மாசி, பங்குனி, சித்திரை பாத்துட்டேன். சரியாத்தான் இருக்கு. வைகாசியில ஒரு இடத்துல தட்டுச்சு, அது நான் பஞ்சாங்கத்துல வரி மாறிப் பாத்துட்டேன். ஆனி, ஆடி, ஆவணி சரி. புரட்டாசியில மகாளய அமாவாசை, அதுல மாட்டுவான்னு நெனைச்சேன். மாட்டலை.

இன்னும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி இருக்கு. கண்டிப்பா இருக்கும். ஒரு வருசத்துல ஒரு தப்புக் கூட இல்லாம எந்த மனுசனும் கணக்குப் போட முடியாது. நீங்க கொஞ்சம் சாய்ஞ்சு உக்காருங்க, உங்க தலை வெளிச்சத்தை மறைக்குது. சங்கரன்கோவில் வர்றதுக்குள்ள நான் கண்டுபிடிக்கணும்.